கெட்டுப்போன விளையாட்டுப் பெட்டி பாடுகிறது!

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு யந்திரத்தின் தலையில் முஷ்டியால் ஓங்கி ஒரு குத்து விட்டால் என்ன கிடைக்கும்? ரிப்பேர்க் கடைக்காரருக்கு வருமானம் கிடைக்கும் என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் 1978-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் ஒருவர் அப்படிக் குத்தியபோது, அவருக்கு ஒரு சினிமாவே கிடைத்தது!

அவர் பெயர் ஜேமி பென்டன். குத்து வாங்கியது, டெலிவிஷனில் இணைத்து விளையாடும் 'பாலி' கம்பெனி வீடியோ கேம் பெட்டி. அந்தக் காலத்தில் அதன் விலை சுமார் 300 டாலர். பெட்டியை முடுக்கியதும், எந்த விளையாட்டு வேண்டும் என்று கேட்கும் பட்டியல் திரையில் எழுதப்படும். அது எழுதிக் கொண்டிருக்கும்போதே குத்து விழும். சொருகியிருந்த கேசட் துள்ளி வெளியே வரும். படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை யாரோ பிடுங்கிக்கொண்டது போல, பெட்டியின் மூளை திக்குமுக்காடிப் போகும். திரைக்கு உரிய இடத்தில் தாறுமாறாக எழுதித் தள்ளும்.

திரையில் வந்தது குப்பை அல்ல. கட்டங்களும் கோடுகளும் ஜரிகை போல அடுக்கடுக்காக வந்தன. அதைப் படம் பிடித்து, அதே பெட்டியில் உண்டாக்கிய சத்தத்தையும் சேர்த்து, 'டிஜிட்டல் டி.வி. டின்னர்' என்று பெயர் வைத்தார்கள். டெலிவிஷன் முன் உட்கார்ந்தபடியே சூடாக்கிச் சாப்பிடும் மலிவான அமெரிக்கச் சாப்பாட்டுக்கு 'டி.வி. டின்னர்' என்று பெயர். அந்தக் கேலிதான் இந்தப் பெயர்.

இதில் ஒரு விசேஷம். பென்டன் விவரம் தெரியாமல் குத்தியவர் அல்ல. அந்தப் பெட்டிக்கே புரோகிராம் எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்! எந்த நொடியில் குத்தினால் எது கலையும் என்பது அவருக்குத் தெரியும். யந்திரங்களின் கோளாறிலிருந்து கலை செய்வதற்கு இன்று 'கிளிட்ச் ஆர்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் ஆரம்ப காலப் படங்களில் ஒன்றாக அந்தச் சில நிமிடப் படத்தைச் சொல்கிறார்கள். போனில் தேடினால் நீங்களும் பார்க்கலாம்.

நமக்கும் தெரிந்த வினோதம்

இது ஏதோ வெள்ளைக்காரர்களின் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் வீட்டிலேயே இது நடந்திருக்கிறது.

1990-களில் நம் ஊர்க் கடைவீதிகளில் 'டி.வி. கேம்' என்று விற்ற பெட்டிகளை மறந்திருக்க மாட்டீர்கள். மேரியோ குதிப்பதும், துப்பாக்கிக்காரர்கள் ஓடுவதும் அதில்தான். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை, ஜப்பானின் நின்டென்டோ கம்பெனி 1983 ஜூலையில் வெளியிட்ட 'பேமிகாம்' என்ற பெட்டியின் நகல்கள். அதே பெட்டி வேறு உருவத்தில் 1985-ல் அமெரிக்காவுக்குப் போனது.

கேசட்டைச் சொருகுவோம். படம் வராது. அதற்குப் பதிலாகத் திரை முழுக்க வண்ணச் சதுரங்கள் சிதறிக் கிடக்கும். பெட்டி ஒரே ஸ்வரத்தில் 'ஙீ' என்று கத்தும். உடனே கேசட்டை உருவி, வாயால் 'பூ' என்று ஊதி, மறுபடி சொருகுவோம். பம்பாயிலும் சரி, டோக்கியோவிலும் சரி, நியூயார்க்கிலும் சரி, பிள்ளைகள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்த வைத்தியம் இது. உண்மையில் ஊதியதால் சரியாகவில்லை; கழற்றி மாட்டியதால்தான் சரியானது. எச்சில் ஈரம் பட்டால் உலோகப் பற்கள் களிம்பேறும் என்று கம்பெனியே எச்சரித்தது.

'சனியன், படம் வரவில்லையே' என்று நாம் திட்டினோமே, அந்தச் சிதறிய சதுரங்களை ஒரு கூட்டம் உட்கார்ந்து ரசிக்கிறது. அதை மறுபடி மறுபடி வரவழைக்க சுவிட்சு பொருத்துகிறது. அரங்கத்தில் திரை கட்டி, ஒலிபெருக்கி வைத்து, கச்சேரியே நடத்துகிறது.

இழுப்பறையில் பிறந்த வித்தை

இந்த வேலைக்கு 'சர்க்யூட் பெண்டிங்' என்று பெயர். சர்க்யூட்டை வளைப்பது என்று சொல்லலாம். இதன் பிதாமகர் என்று எல்லோரும் சொல்வது ரீட் கசாலா என்ற அமெரிக்கரை. ஓஹையோ மாநிலத்தின் சின்சினாட்டி ஊர்க்காரர்.

1966-67 வாக்கில் அவர் பள்ளிக்கூடத்துப் பையன். மேஜை இழுப்பறையில் ஒரு சின்ன ஆம்ப்ளிபயர் கிடந்தது. பாட்டரி போட்டபடியே, பின்மூடி இல்லாமல் கிடந்தது. இழுப்பறையை மூடியபோது உள்ளே கிடந்த ஏதோ உலோகம் அதன் சர்க்யூட்டில் பட்டு ஷார்ட் ஆகியது. இழுப்பறைக்குள்ளிருந்து வினோதமான ஓசைகள் கிளம்பின. ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள மின்னணு இசைக் கருவிகள் மட்டுமே எழுப்பக்கூடிய ஓசைகள்!

பையன் யோசித்தான். தற்செயலாகப் பட்ட ஷார்ட் இவ்வளவு பேசுகிறதென்றால், வேண்டுமென்றே வைக்கும் ஷார்ட் என்ன பேசும்?

அன்று தொடங்கிய வேலையை அவர் விடவேயில்லை. பேசும் பொம்மை, பாடும் பொம்மை எல்லாவற்றையும் திறந்து பார்த்தார். 1978-ல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்ற பொம்மையை வெளியிட்டது. குழந்தைகளுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுக்கும் பொம்மை அது. ஒரே ஒரு சிப் மனிதக் குரலில் பேசியது அந்தக் காலத்தில் பெரிய அதிசயம். கசாலா அதற்குள் சில ஒயர்களை இணைத்தார். பொம்மை எழுத்தை மறந்து, ஏதோ தெரியாத பாஷையில் மந்திரம் ஜெபிக்க ஆரம்பித்தது. 'பெண்டிங்' என்ற பெயரை 1992-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் வைத்தவரும் அவரே. 2005-ல் இதற்கென்று ஒரு புத்தகமும் எழுதினார்.

அவருடைய முறை மிக எளியது. பொம்மையைத் திறந்து, அது சத்தம் போடும்போது, ஒரு ஒயரின் இரு முனைகளையும் போர்டில் இங்கும் அங்கும் தொட வேண்டும். நல்ல சத்தம் வந்த இடங்களைப் பேனாவால் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த இரண்டு இடங்களுக்கும் ஒயர் இழுத்து, சால்டரிங் வைத்து, நடுவில் ஒரு சுவிட்சு போட வேண்டும். அவ்வளவுதான். சில இடங்களில் சுவிட்சுக்குப் பதிலாக உலோகக் குமிழ் வைப்பார்கள். வாசிப்பவர் அதை விரலால் தொட்டால் மெல்லிய மின்சாரம் தோல் வழியாக ஓடும். அழுத்தினால் ஒரு சுருதி, லேசாகத் தொட்டால் ஒரு சுருதி. மனிதனின் விரலே சர்க்யூட்டில் ஒரு பாகமாகி விடுகிறது!

இதற்கு இஞ்சினீயர் பட்டம் வேண்டாம். படம் வரைந்த திட்டமும் வேண்டாம். பொறுமையும் காதும் போதும் என்பது கசாலாவின் கட்சி.

கணக்கரும் ஓவியரும்

பொம்மையை வளைத்தவர்கள் அடுத்து வீடியோ கேம் பெட்டிக்கு வந்தார்கள். காரணம், பொம்மையில் சத்தம் மட்டும்தான்; பெட்டியில் படமும் உண்டு.

பேமிகாம் பெட்டிக்குள் இரண்டு பெரிய சிப்புகள் இருக்கின்றன. ஒன்றைக் கணக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேரியோ எங்கே நிற்கிறான், எத்தனை உயிர் பாக்கி, எவ்வளவு புள்ளி என்ற கணக்கெல்லாம் அவர் பொறுப்பு. மற்றொன்று ஓவியர். கணக்கர் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்துத் திரையில் வரைவது அவர் வேலை. கேசட்டுக்குள்ளும் இதேபோல இரண்டு சிப். கணக்கர் படிக்கும் விதிப் புத்தகம் ஒன்று; ஓவியர் பார்த்து வரையும் மாதிரிப் புத்தகம் ஒன்று. இருவருக்கும் தனித்தனி ஒயர் பாதை.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. கணக்கரின் பாதையில் கை வைத்தால் பெட்டி உடனே ஸ்தம்பித்து நின்றுவிடும். ஓவியரின் பாதையில் கை வைத்தால் நிற்காது. விளையாட்டு உள்ளே ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கும். மேரியோ குதிப்பான், சாவான், மறுபடி பிழைப்பான். ஆனால் திரையில் மேரியோ இருக்க மாட்டான். அவன் இருக்க வேண்டிய இடத்தில் மேகத் துண்டும், செங்கல் மூலையும், எழுத்தின் வாலும் நகர்ந்துகொண்டிருக்கும்.

அது ஏன் அப்படி? அந்தப் பெட்டி முழுப் படத்தை வரைவதில்லை. தரையில் டைல்ஸ் ஒட்டுவது போலச் சின்னச் சின்னச் சதுரங்களை ஒட்டுகிறது. குறுக்கே 32, நெடுக்கே 30, ஆக 960 சதுரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். '20-ம் நம்பர் டைலை இங்கே ஒட்டு' என்று குறிப்பு இருக்கும். அந்த நம்பர் ஒயர்கள் வழியாகப் போகிறது. ஒரு ஒயருக்கு மதிப்பு 1, அடுத்ததற்கு 2, பிறகு 4, 8, 16, 32 என்று இரட்டிப்பாகப் போகும். 20 என்று சொல்ல 16-ம் 4-ம் சேர வேண்டும்.

இப்போது 16-க்கான ஒயரை மட்டும் அடக்கி வைத்தால்? 20-ம் நம்பர் 4 ஆகிவிடும். 53-ம் நம்பர் 37 ஆகிவிடும். ஆனால் 37 மாறாது; அதில் 16 என்ற பாகமே கிடையாது. ரிசர்வேஷன் சார்ட்டில் ஒரே ஒரு எண் மட்டும் எல்லா வரிகளிலும் அச்சாகாமல் போனால் எப்படியிருக்கும்? சில பேர் சரியான படுக்கையில் படுப்பார்கள். சில பேர் அடுத்தவர் படுக்கையில் போய் உட்காருவார்கள். கூச்சல் கிளம்பும். ஆனால் அந்தக் கூச்சலிலும் ஒரு கணக்கு இருக்கும்!

சிதறிய படம் வெறும் குப்பையாக இல்லாமல் கோலம் போலத் தெரிவதன் ரகசியம் இதுதான். யந்திரம் கீழ்ப்படிவதை நிறுத்தவில்லை. தவறான உத்தரவுக்கும் அதே ஒழுங்கோடு கீழ்ப்படிகிறது.

ரயில்வேயில் வேலை செய்பவனுக்கு இது ஆச்சரியமாக இருக்கிறது. எங்களிடம் சிக்னலில் கோளாறு ஏற்பட்டால் சிவப்புதான் விழ வேண்டும். கெட்டுப்போகும்போது என்ன காட்ட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவா? விளையாட்டுப் பெட்டிக்கு அப்படி யாரும் சொல்லி வைக்கவில்லை. ஆகவே கெட்டுப்போகும்போது, அதைச் செய்தவர்களே பார்த்திராத ஒன்றை அது காட்டுகிறது.

நாதஸ்வரக் கோஷ்டி

சத்தத்துக்கு வருவோம். பேமிகாம் பெட்டியில் ஐந்து குரல்கள் உண்டு. ஒரு நாதஸ்வரக் கோஷ்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கூர்மையாக ஒலிக்கும் இரண்டு குரல்கள் இரண்டு நாயனம். கீழே மிருதுவாக நிற்கும் மூன்றாவது குரல், ஒத்து. நான்காவது குரலுக்கு ஸ்வரமே கிடையாது, வெறும் இரைச்சல். அதுதான் தவில். வெடி வெடிப்பதும், அலை புரள்வதும், தாளம் போடுவதும் அந்தக் குரலில்தான். ஐந்தாவது, முன்பே பதிவு செய்து வைத்த சிறு ஒலித் துண்டுகளை எடுத்துப் போடும்.

இரைச்சலை ஒரு யந்திரம் எப்படி உண்டாக்கும்? 15 இடங்கள் கொண்ட ஒரு எண் சங்கிலி உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு அடியிலும் அது ஒரு இடம் நகர்ந்து தன்னையே கலைத்துக்கொள்ளும். 32,767 அடி போன பிறகுதான் பழைய வரிசை திரும்ப வரும். அவ்வளவு தூரத்தைக் காது நினைவு வைத்துக்கொள்ளாது. 'ஷ்ஷ்' என்ற மழைச் சத்தமாகக் கேட்கும். அதே சங்கிலியை 93 அடியிலேயே திரும்பச் செய்யவும் வழி உண்டு. அப்போது மழை நின்று, தகரத்தில் வண்டு மோதுவது போல ஒரு ஸ்வரம் கேட்கும்.

யோசித்துப் பாருங்கள். இரைச்சலுக்கும் ஸ்வரத்துக்கும் வித்தியாசம் இவ்வளவுதான். நேரம் கழித்துத் திரும்பி வருவது இரைச்சல்; சீக்கிரம் திரும்பி வருவது ஸ்வரம். பஜனை மடத்திலிருந்து வந்தாலும் சரி, பழைய பெட்டியிலிருந்து வந்தாலும் சரி, காதுக்கு அதுதான் கணக்கு.

இரைச்சல் கச்சேரிக்காரர்கள் இன்னொரு வேலையும் செய்கிறார்கள். டி.வி.க்குப் போகும் படத்தின் ஒயரை எடுத்து ஒலிபெருக்கியில் சொருகி விடுகிறார்கள்! ஜப்பான், அமெரிக்கா முறையில் திரை நொடிக்கு 60 தடவை வரையப்படுகிறது. அது ஒரு அடிக்குரல் உறுமலாகக் கேட்கும். படம் மாறினால் உறுமலும் மாறும். ஒரே மின்சாரம் கண்ணுக்குப் படம், காதுக்குப் பாட்டு. திரையில் சதுரம் உடைவதும் ஒலிபெருக்கி அலறுவதும் ஒரே கணத்தில் நடப்பதன் காரணம் இது.

இதெல்லாம் நேற்று முளைத்த எண்ணம் அல்ல. இரைச்சலும் சங்கீதமே என்று இத்தாலிய ஓவியர் லுயிஜி ருஸ்ஸோலோ 1913-லேயே அறிக்கை விட்டார். அதற்கென்று மரப்பெட்டிக் கருவிகள் செய்து, 1914-ல் மிலான் நகரில் கச்சேரி வைத்தார். கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக், 1963-ல் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், படம் கலைந்த டெலிவிஷன் பெட்டிகளையே கண்காட்சியாக வைத்தார். 1965-ல் டி.வி.யின் மேல் ஒரு பெரிய காந்தத்தை வைத்து, படத்தை முறுக்கிக் காட்டினார்.

மேரியோ இல்லாத மேகம்

இந்த வகையில் மிகவும் பேர் வாங்கியது, கோரி ஆர்க்கேஞ்சல் என்ற அமெரிக்கர் 2002-ல் செய்த 'சூப்பர் மேரியோ கிளவுட்ஸ்'. மேரியோ கேசட்டைத் திறந்து, விதிப் புத்தகமான சிப்பைக் கழற்றிவிட்டு, தாம் புரோகிராம் எழுதிய சிப்பைப் பொருத்தினார். பெட்டியில் சொருகினால் என்ன தெரியும்? நீல வானம். வெள்ளை மேகங்கள். அவை மெதுவாக நகரும். மேரியோ இல்லை, எதிரி இல்லை, செங்கல் இல்லை, காசு இல்லை, சத்தமும் இல்லை. ஜெயிக்கவும் ஒன்றுமில்லை, தோற்கவும் ஒன்றுமில்லை.

நியூயார்க்கின் விட்னி மியூசியம் 2004-ல் நடத்திய பெரிய கண்காட்சியில் அது இடம் பெற்றது. ஆர்க்கேஞ்சல் தம் வித்தையை ஒளித்து வைக்கவில்லை. கேசட்டை எப்படித் திறப்பது, எதைக் கழற்றுவது, என்ன எழுதுவது என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கும்படி வெளியிட்டு விட்டார்.

உடைக்காமலே பெட்டியைப் பாட வைப்பவர்களும் இருக்கிறார்கள். 1989-ல் வந்த கையடக்க 'கேம் பாய்' பெட்டிக்கு நான்கு குரல்கள். அதில் பாட்டு அமைப்பதற்கென்றே ஜெர்மனியின் ஆலிவர் விட்சோவ் 1998-ல் 'நானோலூப்' என்ற கேசட்டைச் செய்தார். சுவீடனின் யோஹான் கோட்லின்ஸ்கி 2000-ல் இன்னொன்று செய்தார். அவற்றை வைத்து இன்றும் கச்சேரி நடக்கிறது.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரைச் சேர்ந்த பால் ஸ்லோகம் 1977-ல் வெளிவந்த 'அட்டாரி 2600' பெட்டியை இசைக் கருவியாக்கினார். அதன் நினைவுத் திறன் வெறும் 128 எழுத்து. இந்தப் பத்தியைக்கூட அதில் அடைக்க முடியாது! அதன் சத்தச் சிப் எழுப்பும் ஸ்வரங்கள் பல, சுருதி சேராதவை. சேராததையே வைத்துப் பாட்டுக் கட்டினார். அதோடு நிற்கவில்லை. ஆபீசுகளில் 'கிர்ர் கிர்ர்' என்று அடிக்குமே டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், அதன் புரோகிராமையும் மாற்றி அதையும் வாத்தியமாக்கி விட்டார்! அந்தச் சத்தத்துக்கு நடுவே நாள் முழுதும் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்கள், நாம் இத்தனை வருஷம் கச்சேரிதான் கேட்டிருக்கிறோம் என்று ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

ஒருவழிப் பாதை

இதைப் பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். பழைய பெட்டிகளைச் சேகரிப்பவர்கள் கோபத்தோடு கேட்கிறார்கள்: 'இனி யாரும் செய்யப் போவதில்லை, இருப்பவற்றையும் வெட்டிக் கெடுத்தால் எப்படி?'

நியாயமான கேள்வி. வெட்டிய சிப் கால் மறுபடி முளைக்காது. ஷார்ட் வைக்கும் ஒவ்வொரு முறையும் சிப் வேண்டாத மின்சாரத்தைத் தாங்குகிறது. இன்று அற்புதமாகப் பாடிய பெட்டி நாளை மௌனமாகிவிடலாம். அதே பாட்டை இன்னொரு பெட்டியில் வரவழைக்கவும் முடிவதில்லை; ஒரே மாதிரியான இரண்டு பெட்டிகள் ஒரே மாதிரியாகக் கெடுவதில்லை. கூடவே பிக்சர் டியூப் டி.வி.யும் மறைந்து வருகிறது. பழைய சிப்புகளில் எழுதியது ஆண்டுகள் போகப் போக அழியவும் கூடும். இவற்றைப் பாதுகாப்பது மியூசியங்களுக்கே பெரிய தலைவலி.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்தப் பெட்டிகளுக்கு உலகம் கொடுத்த மரியாதை என்ன? 1983 செப்டம்பரில், விற்காத கேசட்டுகளை அட்டாரி கம்பெனி லாரி லாரியாகக் கொண்டுபோய் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் அலமகோர்டோ என்ற ஊர்க் குப்பை மேட்டில் புதைத்தது. 2014-ல் தோண்டியபோது சுமார் 1,300 கேசட்டுகளை எடுத்தார்கள். மீதி மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. 2022-ம் ஆண்டில் மட்டும் உலகம் தூக்கியெறிந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை கூறுகிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது அதில் நாலில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

குப்பையைப் பிரித்துப் பிழைப்பு நடத்தும் உழைப்பாளிகளை தாராவிப் பக்கம் தினமும் பார்க்கிறோம். வீணானது என்று ஊர் சொல்லும் பொருளில் பிளாஸ்டிக் எத்தனை ரகம், செம்பு எங்கே என்று கண்ணாலேயே சொல்லிவிடுவார்கள். சர்க்யூட் வளைப்பவரின் கண்ணும் அதே ஜாதிதான். பொருளைச் செய்தவர் வைத்த முற்றுப்புள்ளியை இருவருமே ஏற்பதில்லை. ஒருவர் அதில் காசைத் தேடுகிறார். மற்றவர் ஓசையைத் தேடுகிறார்.

அனுபவசாலிகள் இதற்கு ஒரு நடுவழி கண்டிருக்கிறார்கள். அபூர்வமான பெட்டியைத் தொடுவதில்லை. லட்சக்கணக்கில் நகலெடுத்து விற்ற மலிவுப் பெட்டியை எடுக்கிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிற்கால நகல் பெட்டிகளைத் திறந்தால் சிப்பே தெரியாது. தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போல ஒரு கறுப்புப் பிசின் பொட்டுதான் இருக்கும். எல்லாம் அதற்குள் அடக்கம். ஒயர் வைக்க ஒரு கால்கூட வெளியே இல்லை. ஆனால் கேசட் சொருகும் வாய் திறந்துதானே இருக்க வேண்டும்? பேமிகாம் வாயில் 60 பற்கள். ஓவியரின் பாதையும் அந்தப் பற்கள் வழியாகத்தான் போகிறது. கேசட்டுக்கும் வாய்க்கும் நடுவில் சுவிட்சு வரிசை ஒன்றைச் சொருகினால், பெட்டியில் கீறல்கூட விழாமல் படத்தைக் கலைக்கலாம். சுவிட்சு வரிசையை உருவிவிட்டால் பழைய மேரியோ பழையபடி ஓடுவான்.

எச்சரிக்கை!

இதைப் படித்துவிட்டுத் திருப்புளியோடு கிளம்பும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டரியில் ஓடும் சாமானைத் தவிர வேறு எதையும் வளைக்காதீர்கள் என்பது கசாலா வைத்த முதல் விதி. சுவரில் சொருகும் எதையும் திறந்து வைத்து ஒயரால் தொடுவது தற்கொலைக்குச் சமம். பழைய பிக்சர் டியூப் டி.வி.யை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி வைத்தாலும்கூட உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அதைத் தொழில் தெரிந்த மெக்கானிக் தவிர யாரும் திறக்கக் கூடாது. சால்டரிங் ஈயப் புகையையும் சுவாசிக்காமல் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டரியில் பேசும் பொம்மை, பாட்டரியில் பாடும் சின்னக் கீபோர்டு, இவை போதும் ஆரம்பிக்க. ஒயரும் சுவிட்சும் லாமிங்டன் ரோடில் கிடைக்கும். பொம்மை பழைய சாமான் கடையில் கிடைக்கும். அல்லது உங்கள் வீட்டுப் பரணிலேயே கிடைக்கும்.

இது சங்கீதமா?

கடைசியாக, எல்லோரும் கேட்கும் கேள்வி. இது கலையா, காதுகுத்தா?

என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். முதல் ஐந்து நிமிஷம் தலைவலிதான். யாரும் அதை மறுக்க முடியாது. பிறகு காது மெல்ல வேலை செய்யத் தொடங்குகிறது. இந்த உறுமல் வரும்போதெல்லாம் அந்தச் சதுரம் உடைகிறதே, இந்த வண்டுச் சத்தம் நின்றால் அந்தக் கோடு நகர்கிறதே என்று கண்ணும் காதும் பேசிக்கொள்கின்றன. எல்லாம் ராகமாகி விடாது. ஆனால் கேட்பவன் சும்மா இருக்க முடிவதில்லை. கணக்குப் பார்க்க ஆரம்பித்து விடுகிறான்.

ஒன்று நிச்சயம். ஒரு யந்திரத்தை எதற்காகச் செய்தார்களோ அதற்கு மட்டும்தான் அது பயன்படும் என்பதை நாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒட்டி மூடிய பெட்டி, திறக்க முடியாத திருகாணி, 'உள்ளே பயனாளர் தொடக்கூடிய பாகம் ஏதுமில்லை' என்ற சீட்டு, எல்லாம் சேர்ந்து நம்மை வெறும் வாங்குபவர்களாக உட்கார வைத்துவிட்டன. சின்சினாட்டிப் பையன் அந்தச் சீட்டைப் படிக்கவில்லை. அதனால்தான் இழுப்பறைக்குள் பாட்டுக் கேட்டான்.

ஆகவே அடுத்த முறை பழைய சாமான்காரரின் குரல் கேட்டதும் பரணைக் காலி செய்ய அவசரப்படாதீர்கள். எடைக்குப் போடும் முன், வீட்டில் துருதுருவென்றிருக்கும் பிள்ளை யாராவது 'அதைத் திறந்து பார்க்கட்டுமா?' என்று கேட்டால் திட்டாதீர்கள். பாட்டரியில் ஓடும் சாமான்தானா என்று மட்டும் பார்த்துவிட்டு, திருப்புளியைக் கையில் கொடுங்கள்.